குவெஸ்ட் முடிந்த மறுநாள் அவள் என்ன செய்கிறாள்? ஃபேன்டஸி கேம்களில் சின்னப் பெண் பாத்திரங்கள்

நத்தைவேகன்

(ஸ்கைரிம், எல்டன் ரிங், டார்க் சோல்ஸ், விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3, ஹேடிஸ் எல்லாவற்றுக்கும் ஸ்பாய்லர் வரும். முடிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.)

சிரி, யெனஃபர், ஷேடோஹார்ட் மாதிரி முக்கியப் பெண் பாத்திரங்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டோம். இந்த இழையில் அவர்களை ஒதுக்கி வைப்போம். நான் பேச நினைப்பது பத்து வரி, இருபது வரி வசனத்தோடு வந்து போகும் பெண்களைப் பற்றி: கடையில் நிற்பவள், கூண்டில் அடைபட்டவள், வழியில் உட்கார்ந்து கடிதம் கொடுத்தனுப்புகிறவள்.

ஸ்கைரிமில் (2011) ரிவர்வுட் கடைக்குள் நுழைந்ததும் கமிலா வலேரியஸும் அவள் உடன்பிறந்த லூகனும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கடையிலிருந்த தங்க நகம் என்ற அலங்காரப் பொருள் களவு போயிருக்கிறது. திருடர்களைத் துரத்திப் போகவேண்டும் என்கிறாள் அவள், கூடவே கூடாது என்கிறான் அவன். ஒரு நிமிடம்கூட ஆகாத காட்சி. அதற்குள் அவளுக்கு ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு கோபம் மூன்றும் வந்துவிட்டன. சின்னப் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் எழுதுவது கஷ்டம்.

அப்புறம் என்ன ஆகிறது? வேலையை நாம் வாங்கிக்கொள்கிறோம். அவள் ஊர் எல்லையில் இருக்கும் பாலம் வரை வந்து, கையை நீட்டி வழி காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். அதே ஊரில் ஸ்வென், ஃபேண்டல் என்று இரண்டு பேருக்கு அவள்மேல் ஆசை. ஆளுக்கொரு பொய்க் கடிதம் வைத்திருக்கிறார்கள், மற்றவன் எழுதியது மாதிரி. நாம் யார் பக்கம் நின்றோமோ அவன் நமக்கு ஃபாலோவராக (கூடவே வரும் துணையாக) வருவான். நகத்தை மீட்டுக் கொடுத்தால் கமிலா கல்யாணத்துக்குச் சம்மதிப்பாள்.

கணக்கைப் பாருங்கள். சாகசம் போகவேண்டும் என்று கேட்டவள் மனைவியாகிறாள். மனைவி வேண்டும் என்று கேட்டவன் சாகசத்துக்கு வருகிறான். எழுதியவர் யாரும் பெண்ணை மட்டம் தட்ட உட்கார்ந்து எழுதியிருக்கமாட்டார். ஆனாலும் அப்படித்தான் வந்து நிற்கிறது.

சின்னப் பெண் பாத்திரம் நன்றாக எழுதப்பட்டதா என்று பார்க்க அவள் அழகு, உடை, வசன எண்ணிக்கை எதுவும் வேண்டாம், குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) முடிந்த மறுநாள் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து. உங்களுக்குத் தெரிந்த உதாரணங்களை, அந்த கேம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதோடு சேர்த்துப் போடுங்கள்.

கொல்லன்மகள்

நல்ல உதாரணம். இதில் எழுத்தாளருக்குப் பங்கு இருக்கிற அளவு கருவிக்கும் பங்கு இருக்கிறது.

ஸ்கைரிம் என்பிசி (விளையாடுகிறவர் இயக்காத பாத்திரம்) ஒருத்தியின் பேச்சு மூன்று அடுக்காக உட்கார்ந்திருக்கும். அடியில் வாய்ஸ் டைப். "ஃபீமேல் ஈவன் டோன்ட்", "ஃபீமேல் யங் ஈகர்", "ஃபீமேல் கமாண்டர்" மாதிரி குரல் வகைகள். ஒரு வகைக்குப் பதிந்த பொது வரிகளை அந்த வகையில் இருக்கும் எல்லாப் பெண்களும் பேசுவார்கள். அதன்மேல் அவளுக்கே என்று எழுதிய கொஞ்ச வரிகள். அதற்கும் மேல் அமைப்பு வரிகள்: ஃபாலோவர், கல்யாணம், கடை. மேல் அடுக்கு வந்ததும் நடு அடுக்கு மூடிக்கொள்கிறது, அங்கேதான் ஆள் காணாமல் போகிறாள்.

கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாராவின் தாயத்தைப் போட்டுக்கொண்டு பேசி, ரிஃப்டன் கோயிலில் மரமாலிடம் ஏற்பாடு செய்து, சடங்கு முடிந்தது. மறுநாள் முதல் அவள் கடை வைப்பாள், நாளுக்கு 100 பொற்காசு பங்கு தருவாள், நாளுக்கு ஒரு வேளை சமைத்துத் தருவாள். அவளிருக்கும் வீட்டில் தூங்கி எழுந்தால் திறன்கள் 15 சதவீதம் வேகமாக ஏறும். கடை வைத்திருந்தவளுக்கும் இதே தொகுப்பு, ஓநாயாக மாறி வேட்டைக்குப் போகும் ஏலாவுக்கும் இதே தொகுப்பு. ஆண்களைக் கட்டினாலும் இதேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்த விதத்தில் பாகுபாடு இல்லை. ஆனால் ஏலா மாதிரி ஒருத்தி "சமைத்து வைத்திருக்கிறேன்" என்று வந்து நிற்கும்போது முன்னால் எழுதிய எல்லாமே அழிந்துபோகிறது.

தீக்காவல்

மறுநாள் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறவள் எல்டன் ரிங்கின் (2022) ரோடெரிகா.

ஸ்டார்ம்ஹில் குடிசையில் சிவப்பு முக்காட்டோடு அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். கூட வந்தவர்கள் எல்லாரும் கோட்டைக்குப் போய் வெட்டுண்டு இன்னொருவன் உடலில் ஒட்டுக்கட்டப்பட்டுவிட்டார்கள், போகப் பயந்து நின்றுவிட்டது அவள் மட்டும். ஜெல்லிமீன் ஆவிச் சாம்பலை (சண்டையில் துணைக்கு ஆவியை அழைக்கும் பொருளை) கொடுத்துவிடுகிறாள். முதல் பார்வைக்கு வழக்கமான "பாவப்பட்ட பெண்". அவளை அழைத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக வைப்பதுதான் குவெஸ்ட் என்று நினைப்போம்.

வரிசை இப்படிப் போகும்:

ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள் பிணக்குவியல் கிடக்கும் அறையில் அவள் தோழர்களின் நினைவுப்பொருள் இருக்கும். அதை எடுத்து வந்து கொடுக்கவேண்டும். அவள் நம் தங்குமிடமான ரவுண்ட்டேபிள் ஹோல்டுக்கு இடம் மாறுவாள். அங்கே கொல்லன் ஹியூக்கிடம் பேசினால் அவளுக்கு ஆவிகளோடு பேசும் திறமை இருக்கிறது என்பான். அதை அவளிடம் சொல்லவேண்டும். தனக்குக் கற்றுத்தரும்படி கேட்கச் சொல்வாள். ஹியூக் முதலில் மறுப்பான். இருவரிடமும் மாறி மாறி, வசனம் திரும்ப வரும்வரை பேசி, நடுவில் கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடத்தில்) உட்கார்ந்து எழுந்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு நின்றுவிடுகிறது: ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள்.

முடிந்ததும் அவள் கொல்லன் எதிரே தனக்கென்று ஓர் இடத்தில் நிற்பாள். ஆவிச் சாம்பலை +10 வரை ஏற்றித்தருவது இனி அவள் வேலை. கேம் முடியும்வரை நமக்கு அவள் தேவை. காப்பாற்றப்பட்டதற்காக அல்ல, தொழில் தெரிந்தவள் என்பதற்காக. பிற்பாடு ஹோல்டு எரியும்போதும் அவள் நம் பின்னால் ஓடிவருவதில்லை, ஹியூக்கை விட்டுப் போகமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறாள். முக்கியமான உறவு நம்மோடு இல்லாமல் இன்னொருவரோடு இருக்கிறது. இருபது முப்பது வரிக்குள் இதைச் செய்திருக்கிறார்கள்.

அதே கேமில் ஐரினாவையும் பாருங்கள். வீப்பிங் தீபகற்பத்துக்குப் போகும் வழியில் கண் தெரியாத பெண். மோர்ன் கோட்டையில் இருக்கும் தந்தை எட்கருக்குக் கடிதம் தருகிறாள். கோட்டையை முடித்துவிட்டு வந்தால் பிணமாகக் கிடப்பாள், எட்கர் பக்கத்தில் நிற்பான். எந்த வரிசையில் செய்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அவள் சாவினால் எட்கர் பழிவாங்கப் புறப்பட்டு, லியூர்னியாவில் ஒரு குடிசையருகே நம்மேல் பாய்கிறான். அவளுடைய மறுநாள் முழுக்க அவனுக்குப் போய்விட்டது.

நேர்கோடு

மாற்றுக் கருத்து. சின்னப் பாத்திரங்கள் சாவது இந்த வகை கேமில் ஆண் பெண் எல்லாருக்கும் நடப்பதுதான். எட்கரும் சாகிறான். ஸ்கைரிமில் வழியில் கிடக்கும் பிணங்களில் ஆண்கள் எத்தனை பேர்! ஐரினா பெண் என்பதால் சாகவில்லை, அந்த உலகம் அப்படி. பத்து வரிப் பாத்திரத்திடம் முழு வாழ்க்கையை எதிர்பார்ப்பது நியாயமா?

தீக்காவல்

சாவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை நண்பரே. அந்தச் சாவு யாருடைய கதையில் வரவு வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. எட்கர் சாகும்போது அவனுக்கென்று ஒரு முடிவு இருந்தது: கோட்டையை விட்டு வரமாட்டேன் என்றான், அதன் விலையைக் கொடுத்தான், பழிவாங்கப் போனான். ஐரினா எடுத்த முடிவு ஒன்றுகூடக் கிடையாது.

காமிக்ஸ் பக்கம் இதற்கு ஒரு பெயரே உண்டு. 1994-இல் வந்த கிரீன் லான்டர்ன் 54-ஆம் இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். 1999-இல் கெய்ல் சிமோன் இப்படி நாயகனைத் தூண்டிவிடுவதற்காகக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டார். "குளிர்பதனப் பெட்டியில் பெண்கள்" என்பது அதற்குப் பெயர். எட்கர் கதை அதே அச்சு.

எல்டன் ரிங் இதில் ஒரு படி மேலே போய், ஐரினாவின் அதே முகத்தோடு ஹையெட்டா என்ற பெண்ணை லியூர்னியாவில் கொண்டுவருகிறது. ஷபிரிரி திராட்சை கேட்பாள், அவை உண்மையில் மனிதக் கண்கள். தான் தின்பது என்ன என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து போக அவளே முடிவு செய்கிறாள். பயங்கரமான முடிவுதான். ஆனால் அவள் முடிவு.

வெண்தோட்டம்

விட்சர் 3 (2015) பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தக் கேமில் சின்னப் பெண்கள் அருமையாக எழுதப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு பாதி உண்மை. எழுத்து அருமை. ஆனால் கதையைச் சொல்லும் வாய் யாருடையது என்று பாருங்கள்.

ஒயிட் ஆர்ச்சர்டில் மருந்துக்காரி தோமிராவின் குடிசை. லீனா என்ற பெண் கிரிஃபின் என்ற பறக்கும் மிருகம் தாக்கிப் படுக்கையில் கிடக்கிறாள். விட்சர்களின் ஸ்வாலோ மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். மனிதர் உடம்பு அதைத் தாங்காமலும் போகலாம் என்ற எச்சரிக்கையோடு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் சாவாள். கொடுத்தால் பிழைப்பாள், ஆனால் சித்தம் கலங்கிவிடும். அது நமக்கு எப்படித் தெரியவருகிறது? வெகு நேரம் கழித்து வெலன் படைமுகாமில் அவள் காதலனான நில்ஃப்கார்ட் சிப்பாய் சொல்லி. அவள் கதையில் அவள் பேசிய வரி ஒன்றுகூட நினைவில் நிற்காது.

பெரிய அளவில் இதேதான் ஆன்னா ஸ்ட்ரெங்கர். பிளடி பேரன் (Baron, வெலன் பகுதிப் பிரபு) என்பவனின் மனைவி. குடித்துவிட்டு அடித்தது, கரு கலைந்தது, பெயர் வைக்காமல் புதைத்த சிசு பாட்ச்லிங் என்ற பேயுருவாக எழுந்து வந்தது, க்ரோன்கள் என்ற சூனியக்காரிகளிடம் அவள் செய்துகொண்ட ஒப்பந்தம், கையில் விழுந்த குறி. கேம் வரலாற்றிலேயே சிறந்த கிளைக்கதைகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதில் பெரும்பகுதியை நாம் கேட்பது பேரனின் மேசையில் உட்கார்ந்து, பேரன் வாயால். ஆன்னாவைச் சதுப்பில் பார்க்கும்போது அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் "பாட்டி"யாக, பாதி நினைவு போனவளாக இருக்கிறாள்.

அவள் விதி தீர்மானமாகும் இடம் இன்னும் கவனிக்கவேண்டியது. மரத்துக்கடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்ற முடிவு அது. விடுவித்தால் பிள்ளைகள் பிழைப்பார்கள். ஆன்னா சபிக்கப்பட்டுச் சாவாள், பேரன் தூக்கில் தொங்குவான். கொன்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஆன்னா புத்தி பேதலித்த நிலையில் உயிரோடு இருப்பாள், பேரன் அவளை நீல மலைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போவான். அவள் வாழ்வா சாவா என்பது, அவள் இல்லாத இடத்தில், அவளைப் பற்றியே பேசாத ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் இருக்கிறது. விளைவு எதிர்பாராமல் வந்து அடிக்கவேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள், அடிக்கவும் செய்கிறது. அதற்கான விலையைக் கட்டியவள் ஆன்னா.

மகள் தமாராவை நன்றாக எழுதினார்கள். தகப்பனை மன்னிக்க மறுத்து, ஆக்சன்ஃபர்டுக்குப் போய் நித்திய நெருப்பு என்ற மதத்தாரோடு சேர்ந்துவிடுகிறாள். நமக்குப் பிடிக்காத முடிவு, அதனாலேயே அவள் ஆளாகத் தெரிகிறாள்.

இந்த ஸ்டூடியோ எங்கிருந்து இங்கே வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2007-இல் வந்த முதல் விட்சரில் ஒரு பெண்ணோடு படுத்தால் அவள் படம் போட்ட சீட்டு ஒன்று சேகரிப்பில் சேரும். எட்டு ஆண்டில் சீட்டிலிருந்து ஆன்னாவுக்கு வந்திருக்கிறார்கள்.

பனைநிழல்

பால்டர்ஸ் கேட் 3 (2023) பற்றி நான் கதைக்கிறேன். இங்கே பிரச்சினை வேறு மாதிரி: எழுத்து நன்றாக இருக்கும், பரிசுதான் அதைக் கெடுக்கும்.

மேரினாவை எடுங்கோ. கர்ப்பிணி, புருஷன் கானர் செத்துப்போனான். அவனை எழுப்பித் தந்தால் பிள்ளையைத் தருகிறேன் என்று சூனியக்கிழவி ஆன்டி எத்தலிடம் ஒப்பந்தம். அவளைத் தேடி வந்த இரண்டு சகோதரர்களும் செத்துவிடுவார்கள். கிழவியின் குகையில் இவள் கூண்டில் தொங்குவாள். சண்டையில் எத்தல் மேரினாவின் உருவத்தையே எடுத்துக்கொள்வாள் என்பதால் பார்த்து அடிக்கவேண்டும். உயிர் குறைந்ததும் எத்தல் பேரம் பேசுவாள்: மேரினாவை எனக்கு விடு, என் கூந்தலில் ஒரு கற்றை தருகிறேன். அதைத் தின்றால் ஏதாவது ஒரு குணத்துக்கு நிரந்தரமாக +1. ஒரே அடியில் கொன்றுவிட்டால் பேரமே வராது, ஆகவே கடைசி அடிகளைச் சின்னதாக அடிக்கச் சொல்லி வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். மிரட்டியோ பேசியோ வென்றால் கூந்தலும் வரும், மேரினாவும் வருவாள்.

இதன் விளைவு விளங்குகிறதா? வலையில் தேடினால் கேள்வி "மேரினாவைக் காப்பாற்றுவது எப்படி" என்று இருக்காது, "கூந்தலை எடுப்பது எப்படி" என்றுதான் இருக்கும். ஒரு பெண்ணின் விடுதலைக்கு எடைக்கல்லாக +1 வைத்தால் ஆட்கள் எடைதான் போடுவார்கள்.

ஆனால் விடுவித்த பிறகு வரும் காட்சி எழுத்தாளரின் வெற்றி. அவள் நன்றி சொல்லமாட்டாள். கோபப்படுவாள். புருஷனை எழுப்ப இருந்த ஒரே வழியை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்பாள். அவள் செய்தது முட்டாள்தனமாகவே இருக்கட்டும், அவள் விரும்பிச் செய்தது. "பிட்டர் டிவோர்ஸ்" என்ற கோலால் கானரை நடைபிணமாக எழுப்பலாம். கோலை அவளிடம் கொடுத்தால் அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்த்துப் போவாள். மூன்றாம் அத்தியாயத்தில் எத்தலால் கெட்டவர்களை ஒன்றுசேர்த்துக்கொண்டு திரும்ப வருகிறாள். நத்தைவேகன் சொன்ன மறுநாள் இதுதான்.

அடுத்தது ஆல்ஃபிரா. செத்துப்போன ஆசிரியைக்காகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் டீஃப்லிங் (கொம்புள்ள இனம்) பெண். கூட இருந்து பாட்டை முடிக்க உதவினால் வாத்தியம் வாசிக்கும் தேர்ச்சி கிடைக்கும். பரிசும் பாத்திரமும் ஒன்றாகவே பொருந்திய இடம் இது, அவளிடம் இருப்பதை அவள் தருகிறாள். டார்க் அர்ஜாக (கொலைவெறி பிடித்த நாயகப் பாத்திரமாக) விளையாடினால் ஒரு இரவு முகாமுக்கு வருவாள், விடியும்போது எங்கள் கையாலேயே செத்துக் கிடப்பாள். தப்பவைக்க ஒரு வழியை ஆட்கள் கண்டுபிடித்தார்கள்: அந்த இரவுக்கு முன்னரே உயிர் போகாத அடி என்ற தெரிவைப் போட்டுவிட்டு, கைகலப்பாக அடித்து அவளை மயக்கிவிடவேண்டும். அம்பு, மந்திரம் என்றால் செத்துவிடுவாள். அப்படிச் செய்தால் முகாமுக்கு அவளுக்குப் பதில் குவில் என்ற டிராகன்பார்ன் இனப் பாடகி வருவாள், அவள் சாவாள்.

இதில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, ஆல்ஃபிராவைக் காக்க ஆட்கள் சொல்லும் காரணத்தில் பெரும்பாலும் முதலில் வருவது "போட்டன்ட் ரோப்". மூன்ரைஸ் சிறையில் இருக்கும் டீஃப்லிங்குகளை மீட்டால் லாஸ்ட் லைட் விடுதியில் அவள் தரும் அங்கி அது. சோர்சரர், வார்லாக் என்ற மந்திரவாதி வகைகளுக்குப் பொன் மாதிரி. இரண்டு, குவில். சாவதற்கு மட்டுமே எழுதிய ஒரு பெண். அவளுக்கு முன்கதையும் இல்லை, தேடுவாரும் இல்லை. ஆல்ஃபிரா செத்தால் அவள் தோழி லக்ரிஸ்ஸா அழுவாள். குவிலுக்கு யாரும் இல்லை.

தீக்காவல்

பரிசு பற்றிப் பனைநிழல் சொன்னதோடு டார்க் சோல்ஸை (2011) சேர்க்கவேண்டும். ஃபயர்லிங்க் என்ற தங்குமிடத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்து தீயைக் காக்கும் அனஸ்டாசியாவுக்கு நாக்கு அறுக்கப்பட்டிருக்கும். லாட்ரெக் என்ற வீரனைச் சிறையிலிருந்து விடுவித்திருந்தால் பிறகு அவளைக் கொன்றுவிடுவான், அந்த இடத்துத் தீயே அணைந்துவிடும். அனோர் லாண்டோவில் அவன் உலகத்துக்குள் புகுந்து அவனைக் கொன்றால் அவள் ஆன்மா கைக்கு வரும். அதை எஸ்டஸ் குடுவையைப் பலப்படுத்தச் செலவழிக்கலாம், அல்லது அவளிடமே திருப்பி வைக்கலாம். திருப்பினால் தீ மூளும், அவளுக்குப் பேச்சும் வரும்.

ஒரு பெண்ணின் உயிர் பையில் ஒரு பொருளாகக் கிடக்கிறது, குடிக்கும் மருந்துக்கு அதைக் கரைக்கலாம் என்று மெனு சொல்கிறது. மேரினாவிடம் நடப்பதும் இதுவே, ஆனால் இங்கே கேம் அதை மறைக்கவில்லை. கரைத்துவிட்டுத் திரும்பி வந்தால் கம்பிக்குப் பின்னால் யாரும் இல்லை, தீயும் இல்லை. செலவு என்ன என்பது கண்முன்னால் தெரிகிறது.

அதே கேமில் அற்புதங்கள் என்ற மந்திரங்களை விற்கும் ரியாவின் விஷயம் இன்னும் நுணுக்கம். அவளிடமிருக்கும் அற்புதங்களை ஒன்றுவிடாமல் வாங்கிவிட்டால் அவள் அந்த இடத்தை விட்டுப் போய், டியூக்கின் நூலகச் சிறையில் மதிகெட்டுக் கிடப்பாள். ஒன்றை வாங்காமல் விட்டுவையுங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான்.

நேர்கோடு

வரவு யாருக்கு என்று தீக்காவல் கேட்ட கேள்வி நியாயம். ஐரினா பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் ஹேடிஸின் (2020) டூசாவையும் பட்டியலில் சேருங்கள். மாளிகையைத் துடைத்துப் பெருக்கும் வேலைக்காரி, தலை மட்டும் உள்ள கோர்கன். அமிர்தமும் பிறகு அம்ப்ரோசியாவும் கொடுத்துக்கொண்டே போனால் காதலில் போய் முடியும் என்றுதான் விளையாடுகிறவர் நினைப்பார், மற்ற இருவரிடம் அப்படித்தான் போகிறது. டூசா மறுத்துவிடுகிறாள், நட்பு போதும் என்கிறாள். முக்கியமானது அடுத்து நடப்பது: உறவு முழுமையடைந்ததாகவே கேம் கணக்கு வைக்கிறது. இதயம் உடைந்த குறி இல்லை, பரிசு குறையவில்லை. நடுவில் இரவுத் தேவி நிக்ஸ் அவளை வேலையை விட்டு நீக்குவதும், நாம் நிக்ஸிடம் பேசுவதும்கூட அவள் வேலையைப் பற்றிய கதைதான். மறுப்பைத் தோல்வியாக எழுதாத இடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

கொல்லன்மகள்

டூசா நல்ல பிடி. இனி செய்முறைக்கு வருகிறேன். ஸ்கைரிமை மாற்றியமைக்கும் கிரியேஷன் கிட் என்ற மென்பொருளில் சொந்தமாக ஊர்ப்பெண் ஒருத்தியை வைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளங்கள் சில உண்டு.

முதலில் "ஹலோ" வரிகள், அதாவது பக்கத்தில் போனதும் அவள் பேசும் வரிகள். கணவனை இழந்தவள் என்று கதை எழுதி, குரலுக்கு "யங் ஈகர்" கொடுத்திருப்பார்கள். குவெஸ்டுக்கென்று எழுதிய வரியின் நிபந்தனை பொருந்தாத நொடியில் பொது வரி வந்துவிடும், பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசுவாள். தீர்வு: உங்கள் குவெஸ்டின் பிரையாரிட்டியை உயர்த்தி, ஒவ்வொரு நிலைக்கும் ஹலோ எழுதுங்கள். என் கணக்கு ஓர் ஆளுக்கு இப்படி: குவெஸ்டுக்கு முன் 3, நடக்கும்போது 2, வெற்றிக்குப் பின் 3, தோல்விக்குப் பின் 3, நீங்கள் தலையே காட்டாவிட்டால் 1. மொத்தம் 12. கெட்ஸ்டேஜ் (குவெஸ்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும்) நிபந்தனையில் மேல் எல்லையும் போடவேண்டும். "20-க்கு மேல்" என்று மட்டும் போட்டால் 200-இலும் அதே வரி வரும்.

இரண்டாவது, எசென்ஷியல் குறி. குவெஸ்ட் உடையக்கூடாது என்று பெண்ணை நிரந்தரமாகச் சாகாதவளாக்கிவிடுவார்கள். டிராகன் வந்து ஊர் எரிந்தாலும் மண்டியிட்டு எழுந்து பழம் விற்பாள். அந்தக் குறியை ஆள் பதிவில் போடாதீர்கள், குவெஸ்ட் ஏலியஸில் (குவெஸ்டுக்குள் அந்த ஆளைக் குறிக்கும் இடத்தில்) போடுங்கள். குவெஸ்ட் முடிந்ததும் குறியும் நீங்கும். ஆளுக்கு "புரொடெக்டட்" போதும், விளையாடுகிறவர் கையால் மட்டும் சாவாள்.

மூன்றாவதுதான் மறுநாள். பேக்கேஜ் (எந்த நேரம் என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை) பட்டியலில் மேலிருந்து கீழாக, நேரமும் நிபந்தனையும் பொருந்தும் முதல் பேக்கேஜ் ஓடும். பெரும்பாலோர் அடியில் ஒரு சாண்ட்பாக்ஸ் (சும்மா அங்கேயே உலாவும் பேக்கேஜ்) போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள், அதனால் மகனை மீட்கும் குவெஸ்டில் மகன் மீட்கப்பட்டாலும் செத்தாலும் அவள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நிலை மாறினால் அவள் நாள் மாறவேண்டும். மீட்டு வந்தால் காலை 8 மணி முதல் கடை, மாலை மகனிருக்கும் வீடு. செத்திருந்தால் மாலை 6 முதல் 8 வரை கல்லறை. மூன்று பேக்கேஜ், மூன்று நிபந்தனை, அரை மணி நேர வேலை. ஒரு வரி வசனம்கூட வேண்டாம். கல்லறைப் பேக்கேஜைச் சாண்ட்பாக்ஸுக்குக் கீழே வைத்துவிட்டால் மட்டும் ஓடவே ஓடாது, சாண்ட்பாக்ஸ் எப்போதும் பொருந்திவிடும்.

நத்தைவேகன்

கொல்லன்மகள் அக்கா, இது தனியாக எடுத்துவைக்கவேண்டிய பதிவு. இரண்டு சந்தேகம். குரல் பதிய ஆள் இல்லாவிட்டால்? பிறகு, கமிலாவையே எடுத்து ஃபாலோவராக வரும்படி திருத்துவது சரியா, புதுப் பெண்ணை வைப்பதா?

கொல்லன்மகள்

குரல் கோப்பு இல்லாத வரி திரையில் ஒரு கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும், படிக்க முடியாது. எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரலைப் போட்டு அதன்மேல் "ஃபஸ் ரோ டோ" சேர்த்தால் எழுத்து படிக்கும் அளவு நிற்கும். இல்லாவிட்டால் அதே வாய்ஸ் டைப்பில் ஏற்கெனவே பதிந்த வரிகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்துங்கள். வேறு வாய்ஸ் டைப்பிலிருந்து எடுத்தால் முதல் வார்த்தையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கமிலாவின் பதிவில் கை வைக்காதீர்கள். அவளைத் தொடும் மற்ற மோடுகளோடு (ரசிகர்கள் செய்த மாற்றங்களோடு) மோதும், கடைசியில் ஏறியது மட்டும் நிற்கும். புதுக் குவெஸ்ட் ஒன்று செய்து, அவளை ஏலியஸில் நிரப்பி, பேக்கேஜ்களை அந்த ஏலியஸில் போடுங்கள். ஏலியஸ் பேக்கேஜ் அவள் சொந்தப் பட்டியலுக்கு மேலே உட்காரும், மூலப்பதிவு அப்படியே இருக்கும். குவெஸ்ட் விளையாட்டு தொடங்கும்போதே ஓடுவது என்றால் எஸ்இக்யூ கோப்பை உருவாக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் ஒரு முறை சேமித்துத் திரும்ப ஏற்றும்வரை வசனமே தோன்றாது, மோடு கெட்டுவிட்டது என்று எல்லாரும் புகார் எழுதுவார்கள்.

பனைநிழல்

கமிலா ஃபாலோவராக வந்தால் கடையை ஆர் பார்ப்பது? லூகன் இருக்கிறான், சரி. ஆனால் அவன் அவளைத் தேடிப் பேசவேண்டும். ஆள் போன வெறுமை அந்த வீட்டில் தெரியாவிட்டால் இவள் போனதற்கே அர்த்தமில்லை.

நத்தைவேகன்

சரியாகச் சொன்னீர்கள், லூகனுக்கு 4 வரி ஒதுக்குகிறேன். இப்போதைக்கு வரைவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:

பாலத்தில் அவள் நிற்கும்போது புது வரி ஒன்று: கூட வரட்டுமா என்று அவளே கேட்கிறாள். வேண்டாம் என்றால் திரும்பிப் போகமாட்டாள். இரண்டு நாள் விளையாட்டு நேரம் கழித்து, நாம் போகாவிட்டால், ப்ளீக் ஃபால்ஸ் மேட்டுக்குப் போகும் பாதையில் தனியாக முகாம் போட்டிருப்பாள். நகத்தை யார் கொண்டுவந்தாலும் கடைக்குள் ஹலோ வரிகள் வேறு. ஸ்வென், ஃபேண்டல் கடிதத்தில் மூன்றாவது வழி: இரண்டு கடிதத்தையும் அவளிடமே கொடுத்துவிடலாம். இருவரையும் வேண்டாம் என்று அவள் சொன்னால் குவெஸ்ட் தோற்றதாகாது, முடிந்ததாகவே பதிவாகும், டூசா மாதிரி. கல்யாண ஃபேக்ஷனில் (குழுவில்) அவள் பெயரை அப்படியே விடுகிறேன், ஃபாலோவர் ஃபேக்ஷனில் புதிதாகச் சேர்க்கிறேன்.

கொல்லன்மகள்

நன்றாக வருகிறது. இரண்டு திருத்தம். ஃபாலோவர் ஃபேக்ஷனில் சேர்த்தால் மட்டும் போதாது, நம்மோடு உறவு நிலை "அல்லை" (Ally, கூட்டாளி) ஆகவேண்டும், அவள் வாய்ஸ் டைப் ஃபாலோவர் குரல் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கூப்பிடும் வரியே திறக்காது. மற்றது அந்த முகாம். ப்ளீக் ஃபால்ஸ் போகும் வழியில் கொள்ளைக்காரர்கள் இருக்கும் கோபுரம் ஒன்று உண்டு. சாண்ட்பாக்ஸ் சுற்றளவைப் பெரிதாக விட்டால் அலைந்து அவர்கள் கண்ணில் பட்டுவிடுவாள், நாம் போவதற்குள் செத்துக் கிடப்பாள். மார்க்கரை (முகாமின் இடக்குறியை) கோபுரத்துக்குக் கீழே, பாதை திரும்பும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். சுற்றளவு 256 போதும்.

நத்தைவேகன்

256 வைத்துவிட்டேன். மார்க்கரைப் பாதையின் இடப்பக்கப் பாறைக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன், அங்கிருந்து கீழே ரிவர்வுட் கூரைகள் தெரியும். இரவில் கடை விளக்கு தெரியும் பக்கமாக அவள் உட்கார ஒரு மரக்கட்டை போடுகிறேன்.